நல்லா இருந்தது

அவர் ஒருவரைக் குறை சொல்லாமல் விட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவை அவர் வீட்டையே படாத பாடு படுத்திவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால், குறை சொல்வது அவருக்கு எப்படிப்பட்ட காரியம் என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவரைச் சிடுமூஞ்சி என்று நினைத்துவிடுவீர்கள். சிடுமூஞ்சியெல்லாம் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவருக்கு டிராயிங் சரிபார்க்கிற வேலை. நான் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ். மற்றவர்கள் போட்ட டிராயிங்கை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, தப்பு இருக்கிற இடத்தையெல்லாம் சிவப்புப் பென்சிலால் சுழித்துக் கொடுப்பார். நாள் பூராவும் அதைச் செய்துவிட்டு வருகிற மனுஷன் சாயங்காலமாவது சும்மா இருக்கலாம். இருக்க மாட்டார். மேனாம்பேட்டில் எங்கள் இரண்டு பேர் வீடும் அடுத்தடுத்த தெரு. வேலை முடிந்து கால் கடுக்க நடந்து வருவோம். வழியில் ஒரு கல்யாண மண்டபம். அங்கே நாயனம் கேட்டுவிட்டால் போச்சு. நின்றுவிடுவார். "ஒரே ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பார். அது ஒன்றோடு நின்று நான் பார்த்ததே இல்லை. எனக்கோ எப்போது வீட்டுக்குப் போய்க் காலை நீட்டுவோம் என்றிருக்கும்.

பூந்தமல்லியில் பாய் கடைக்கு நாங்கள் போக ஆரம்பித்ததும் ஒரு குறையால்தான். அவர் வீட்டு டேப்ரிக்கார்டரில் சுருதி அரைக்கட்டை இறங்கிக் கேட்கிறது என்றார். அம்பத்தூரில் இரண்டு கடைக்காரர்கள் பாட்டு நன்றாகத்தானே கேட்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாரோ சொன்னார்கள் என்று பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாயிடம் அதைத் தூக்கிக்கொண்டு போனோம். பாய் கேசட்டைப் போட்டார், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஆமா அண்ணே, இறங்கித்தான் கீது. பெல்ட்டு லூசு. ஆனா அரைக்கட்டை இல்ல, அவ்ளோலாம் சொல்லாத."

"அரைக்கட்டைதான்."

"அட போண்ணே. கால் கட்டைக்கு மேல போவாது."

அவ்வளவுதான், இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டார்கள். பெல்ட்டை மாற்றிய பிறகும் அரையா காலா என்கிற வழக்கு தீரவில்லை. அதைத் தீர்க்கிற சாக்கில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாய் கடையில் உட்காருவது வழக்கமாயிற்று. பாய்க்குச் சின்ன வயசிலிருந்தே நாயனம் என்றால் உயிர். எனக்கு இரண்டு பேர் அளவுக்கு ஞானம் கிடையாது. ராகம் கண்டுபிடிப்பதில் பத்துக்கு ஒன்று தேறும். இருந்தாலும் போவேன். வீட்டில் உட்கார்ந்து கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்களாம் என்கிற பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, ஆவடியில் பஸ் மாறி இடிபட்டுப் போவதே மேல் என்று தோன்றும்.

அங்கே இரண்டு காரியம் நடக்கும். முதலில் விமரிசனம். அந்த வாரம் ரேடியோவில் வரப்போகிற ஒரு கச்சேரியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, அவரவர் வீட்டில் கேட்டுவிட்டு வர வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. இரண்டாவது குயிஸ். பாய் ஏதாவது ஒரு கேசட்டைப் போட்டு நாலு வினாடியில் நிறுத்திவிடுவார். ராகத்தைச் சொல்ல வேண்டும். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும். பெரும்பாலும் நான்தான் வாங்கித் தருவேன்.

விமரிசனத்துக்குச் சட்டம் போட்டது அவர். முதலில் குறையைச் சொல்ல வேண்டும், நிறையை அப்புறம் சொல்லலாம். "பாராட்டைக் கேட்டா காது மூடிக்கும்பா. அப்புறம் குறை உள்ள போகாது" என்பார். ஒரு தடவை பாய் ஒரு வயலின் கச்சேரியைப் பற்றி, "நல்லா இருந்திச்சு அண்ணே" என்று சொல்லிவிட்டார். விடுவாரா?

"பாய், நல்லா இருந்ததுங்கறது சாப்பாட்டுக் கடை கல்லாவுல நின்னு சொல்ற வார்த்தை. சொல்லிட்டுக் கிளம்பறதுக்குன்னே இருக்கற வார்த்தை. உருப்படியா ஏதாவது சொல்லுங்க."

"சரி, உருப்படியாவே சொல்றேன். சோறு நல்லா வெந்துகீது. ரசம்தான் தண்ணி. போதுமா?"

"எந்த இடத்துல தண்ணி?"

"இன்னா அண்ணே நீ, ரசத்துல எந்த இடம்னு கேக்கற?"

இப்படியே போகும். ஒரு மணி நேரம் ரசத்தில் தண்ணி எந்த இடத்தில் என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். வாட்ச்சுக்கு பேட்டரி போட வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

எங்கள் காலனியில் ஒரு நவராத்திரிக்கு சங்கீத குயிஸ் வைத்தார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்ள வேண்டும். அவர் என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல் பரிசு நாலடுக்கு எவர்சில்வர் கேரியர். கடைசிக் கேள்விக்கு ஒரு பாட்டைப் போட்டார்கள். எனக்குப் பளிச்சென்று தெரிந்த மாதிரி இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் "பைரவி" என்று கத்திவிட்டேன். நடத்துகிறவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்து, சரியான விடை என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். என் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இவர் எழுந்து நின்றார்.

"ஒரே ஒரு விஷயம். அது பைரவி இல்லை, மாஞ்சி. நாங்க சொன்னதும் தப்பு, உங்க அட்டையில எழுதியிருக்கறதும் தப்பு."

நடத்துகிறவர் பாவம், பரவாயில்லை சார், உட்காருங்க என்று கெஞ்சினார். இவர் அதே பாட்டை மறுபடி போடச் சொல்லி, இந்த இடம், இந்த இடம் என்று விரலைக் காட்டி நிரூபித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். கேரியர் வேறு யார் வீட்டுக்கோ போயிற்று. திரும்பி வரும்போது நான் பேசவே இல்லை. அவர் ரொம்ப சந்தோஷமாக வந்தார். என் மனைவி அதற்கப்புறம் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "உங்க மாஞ்சிக்காரர்" என்றுதான் சொல்வாள்.

வீட்டில் மட்டும் வேறு மனுஷராகவா இருப்பார்? அங்கேயும் சாம்பாரில் ஒரே ஒரு விஷயம், கோலத்தில் ஒரே ஒரு விஷயம். அவர் மனைவி காது கேட்காத மாதிரி இருக்கப் பழகிவிட்டார். மாட்டிக்கொண்டது ஒரே மகள்தான். அந்தப் பெண் வில்லிவாக்கத்தில் ஒரு டீச்சரிடம் பாட்டு கற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை. காலையில் எழுந்து சாதகம் செய்யும்போது இவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, பிசகிய ஸ்வரத்தைப் பிடித்து, "காந்தாரம்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். உள்ளேயிருந்து, "தெரியும்ப்பா" என்று இன்னும் பெரிய சத்தம் வரும். அப்புறம் அந்த இடத்தையே நாலு தடவை பாடுவாள். அந்தத் தெருவில் போகிற யாருக்கும் அப்பாவும் பெண்ணும் சண்டை போடுகிறார்கள் என்றுதான் தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது.

அவளுக்கு ரேடியோவில் குரல் தேர்வு நடந்து, தேறி, இளையவர்களுக்கான நிகழ்ச்சியில் பாட இடம் கிடைத்தது. பதிவு செய்துகொண்டு, ஒரு வாரம் கழித்துக் காலையில் ஒலிபரப்பினார்கள். அந்த வாரத்து விமரிசனத்துக்கு எந்தக் கச்சேரி என்று பேசும்போது, இதையே வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

கேட்டோம். நாயகி ராகத்தில் கொஞ்சம் ஆலாபனை செய்துவிட்டுப் பாடினாள். நாயகியும் தர்பாரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. காந்தாரத்தை மெதுவாக அசைத்துக்கொண்டு இறங்கினால் நாயகி. அதையே அழுத்தி இரண்டு தடவை தட்டிவிட்டால் தர்பார் வந்து நின்றுவிடும். இதுவும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு அன்று வித்தியாசம் ஒன்றும் படவில்லை, நம் வீட்டுப் பெண் பாடுகிற மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதற்கு முன்னால் பாய்தான் மெல்லச் சொன்னார்.

"மேல போயிட்டு இறங்கற இடத்துல தர்பாரு எட்டிப் பாத்துட்டுப் போச்சு. கவனிச்சியா?"

"அவர் கவனிச்சிருப்பாரா?"

"இன்னா கேள்வி கேக்கற? அவரு கவனிக்காம? இன்னிக்கு அந்தப் பொண்ண உரிச்சு உப்புக்கண்டம் போடப் போறாரு. நான் டீ சொல்லிட்டு வரேன், நீயே உக்காந்து கேளு."

அவர் வந்தார். நாங்கள் இரண்டு பேரும் பட்டும் படாமல் ஏதோ சொல்லி முடித்தோம். பாய், தன் ரேடியோவில் நடுவில் கொஞ்சம் கரகரவென்று இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னார். ஊர் ரேடியோவையெல்லாம் சரிசெய்கிறவர் தன் ரேடியோமேல் பழியைப் போட்டார். அவர் முறை வந்தது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லா இருந்தது" என்றார்.

பாய் கொஞ்ச நேரம் காத்திருந்தார். "அவ்ளோதானா அண்ணே?"

"அவ்ளோதான். குயிஸை ஆரம்பிங்க."

திரும்பும்போது பஸ்ஸில் அவராகவே பேசினார். ஒலிபரப்புக்கு முதல் நாளே அவர் மனைவி கேட்டுக்கொண்டாராம். எத்தனை வருஷமாகப் பெண் உங்கள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்திருக்கிறாள், இந்த ஒரு தடவை மட்டும் குறை சொல்லாதீர்கள் என்று. "எனக்கும் அலுத்துப் போச்சுப்பா. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தப்பு, தப்புன்னு தேடிகிட்டே இருக்கேன். அவகிட்டயும் இதையேதான் சொன்னேன், நல்லா இருந்ததுன்னு." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தர்பாரை அவர் விழுங்கிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. நல்ல காரியம்தான் செய்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அந்தப் பெண் சாதகத்தை நிறுத்திவிட்டாள். முதலில் தொண்டை சரியில்லை என்றாள். அப்புறம் பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றாள். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். வில்லிவாக்கம் போவதும் நின்றது. காலையில் அந்த வீட்டைத் தாண்டும்போது, வாசலில் அவர் பேப்பரை வைத்துக்கொண்டு அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளேயிருந்து மிக்ஸி சத்தம் மட்டும் வரும். அடுத்த பதிவுக்கு வரச்சொல்லி ரேடியோவிலிருந்து கேட்டிருந்தார்கள். வருகிறேன் என்று பதில் போட வேண்டும். போடாவிட்டால் அப்புறம் எப்போது கூப்பிடுவார்களோ, கூப்பிடுவார்களோ மாட்டார்களோ. அவள் போகப் போவதில்லை என்றாள். அவர் மறுபடி மறுபடி, "நல்லாத்தானேம்மா பாடினே" என்று சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவள் முகம் இன்னும் சுருங்கியது என்றார்.

பாய் கடையும் களை இழந்துபோயிற்று. எந்தக் கச்சேரியைப் பற்றிக் கேட்டாலும் அவர் நல்லா இருந்தது என்றார். அவர் முன்பு கிழித்துத் தொங்கவிட்ட ஒரு பாடகரைப் பற்றியும் அதையே சொன்னார். பாய்க்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, நீ இப்டியே நல்லா இருந்தது, நல்லா இருந்ததுன்னு சொல்லிக்கினு இருந்தா, நான் ஷட்டரை இழுத்து உட்டுட்டு ஊட்டுக்குப் போறேன். இன்னாத்துக்கு இம்மாந் தூரம் வர்ற?"

எனக்கும் அந்த வாரங்களில் அலுப்பாகத்தான் இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு போய், டீ குடித்துவிட்டு, நின்றுகொண்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காய்கறிக் கடையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பீன்ஸைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சும்மா இருக்காமல் கேட்டேன்.

"என்னம்மா, ரேடியோவுக்குப் பதில் போட்டாச்சா?"

"இல்ல அங்கிள். நாளைக்குள்ள போடணும். போடப் போறதில்லை."

"ஏம்மா இப்படிப் பண்றே? அப்பாவே நல்லா இருந்ததுன்னு சொல்லிட்டாரு. யாருக்குக் கிடைக்கும் அது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு களைப்பை அந்த வயசுப் பெண்ணின் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"அந்த இறக்கத்துல தர்பார் வந்துட்டுது அங்கிள். பாடி முடிச்ச உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு வாரமா அந்த இடம் எப்ப வரும்னு பயந்துகிட்டே இருந்தேன். ரேடியோவுல வந்தது. அதுவரைக்கும் கண்ணை மூடிகிட்டிருந்தேன், அப்பதான் திறந்தேன். அப்பா பக்கத்துலதான் உக்காந்திருந்தார். அவர் முகத்தையே பாத்துகிட்டிருந்தேன். திட்டுவார், நானும் கத்துவேன், அழுவேன், அதோட தீர்ந்துடும்னு இருந்தேன். நல்லா இருந்ததுன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்."

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதாம்மா..."

"இல்ல அங்கிள். அப்பாவை எனக்குத் தெரியாதா? தேறும்னு நினைக்கறவங்களைத்தான் அவர் திட்டுவார். இவளுக்கு இவ்வளவுதான் வரும், இனிமே சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு என்னைக் கை கழுவிட்டார்." பீன்ஸைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மத்தியானம் பூந்தமல்லி பஸ்ஸில் அவரிடம் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார். பருத்திப்பட்டு நிறுத்தத்தில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டார். நான் பதறிக்கொண்டு பின்னால் இறங்கினேன்.

"சார், பாய் காத்துகிட்டிருப்பார்."

"இருக்கட்டும்ப்பா."

எதிர்ப்பக்கம் போய் நின்றோம். உச்சி வெயில். எதிர்ப்பக்க பஸ் வருகிற வழியாக இல்லை. போகிற இடத்துக்கும் போகாமல் வீட்டிலும் இல்லாமல் இப்படி நடுரோட்டில் நிற்க வேண்டும் என்று எனக்கு என்ன தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு வெயில் தெரிந்த மாதிரியே இல்லை.

வீட்டுக்குப் போனபோது அந்தப் பெண் ஹாலில் தரையில் உட்கார்ந்து முறத்தில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த அம்மா சமையலறையில் இருந்தார். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நிலைப்படியில் நின்றபடியே சொன்னார்.

"மேல் சட்ஜத்துல நின்னுட்டு இறங்கறப்போ காந்தாரத்தை அழுத்திட்டே. தர்பார் வந்துட்டுது. படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன், நாயகியில அவசரப்படக் கூடாதுன்னு. ஆலாபனைன்னா இப்படியா? ரேடியோக்காரங்க போம்மான்னு சொல்லாம விட்டாங்களே, அதைச் சொல்லு."

இத்தனை வாரம் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டுகிறாரே, பெண் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தலையை நிமிர்த்தாமல் பீன்ஸை ஒடித்தாள்.

"அது மட்டும்தானாப்பா?"

"பின்னே?"

"அதுக்கு முன்னாடியே ஒண்ணு இருக்கு. ஆரம்பிச்ச உடனே. அதை விட்டுட்டீங்க."

"இல்லையே." அவர் குழம்பிப்போனார். "ஆரம்பத்துல ஒண்ணும் இல்லையே. எனக்குக் கேக்கலையே."

சமையலறையிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "எப்படிக் கேக்கும்? ரேடியோவுல இவ பேரைச் சொன்ன உடனே, நீங்கதான் கொல்லைப்பக்கம் எழுந்து போயிட்டீங்களே. முகத்தைக் கழுவிகிட்டுத்தானே திரும்பி வந்தீங்க."

பீன்ஸ் ஒடிக்கிற சத்தம் நின்றது. அந்தப் பெண் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, குனிந்து செருப்பைக் கழற்றினார். கழற்றுவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

"அது குழாய்ல தண்ணி வர்ற நேரம்" என்றார்.

அவர் வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அந்தப் பெண் முறத்தைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவர் கேட்காமல் விட்ட அந்த இடத்தை, தப்போடு அப்படியே பாடிக் காட்டினாள்.